ஊட்டத்தூரில் கோடு போட்டவர்

மலர்க்குழுவிலிருந்து ஃபோன் வந்தது. மறைந்த ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டுமாம். ராமானுஜனையும் விஸ்வேஸ்வரய்யாவையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று, நான் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டைப் பிடித்துக்கொண்டேன். வானிலைக்காரர்களுக்கு அவர் பெரிய ஆள். நம் சிவில் ஆசாமிகளுக்கோ ஜியாலஜி பேப்பரில் வந்து போன ஒரு பெயர், அவ்வளவுதான்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் தி.நகரில் ஓர் அடுக்குமாடி சைட்டில் மண் பரிசோதனைக்குப் போகும் வரை. போர் போட்டு எடுத்த சாம்பிளில் இரண்டு பழுப்புக் களிமண். பார்வைக்கு ஒரே மாதிரி. வெயில் வேறு. ஒரே லேயர் என்று லாக் ஷீட்டில் எழுதிவிட்டு மயிலாப்பூர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டேன். லேப் ரிசல்ட் வந்தபோது கீழே இருந்தது வேறு மண், பலமில்லாத மண். பைல் நீளத்தை மறுபடியும் கணக்குப் போட்டார்கள். நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டாம்! அன்று ராத்திரிதான் பழைய ஜியாலஜி நோட்டைத் தூசி தட்டி எடுத்தேன்.

பிளான்ஃபோர்ட் 1834ல் லண்டனில் பிறந்தவர். சுரங்கக் கல்லூரியில் படித்துவிட்டு 1855ல், 21 வயதில், தம்ம கூடப் பிறந்த வில்லியமுடன் கல்கத்தாவுக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்கு வந்தார். முதல் வேலை ஒரிசாவில் தால்சேர் நிலக்கரிப் பகுதி. அங்கே நைஸான சேற்றுப் பாறைக்குள் பெரிய பெரிய உருண்டைக் கற்கள். ஆறு கொண்டுவந்திருந்தால் பெரிய கல் ஒரு பக்கம், சேறு ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டிருக்கும். அப்படியானால் பனிக்கட்டிதான் சுமந்து வந்திருக்க வேண்டும் என்று அந்தக் குழு 1856ல் எழுதியது. ஒரிசா வெயிலில் நின்றுகொண்டு பனிக்கட்டி என்று எழுதத் தனி தைரியம் வேண்டும். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பனிப்பாறைகள் இருந்தன என்பது பிற்பாடு உறுதியாயிற்று.

அடுத்தது நம்ம ஊர். 1857லிருந்து 1860 வரை திருச்சி, தென்னார்க்காடு ஜில்லாக்கள். அந்தப் பக்கத்துக் கடல் சிப்பிகளைச் சென்னை சிவில் சர்வீஸில் இருந்த கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் ஏற்கெனவே பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846ல் வெளியிட்டார். ஆனால் எந்தப் படிவு கீழே, எது மேலே? அதை லண்டனில் உட்கார்ந்து சொல்ல முடியாது. நடந்து பார்க்க வேண்டும். பிளான்ஃபோர்ட் ஓடை ஓடையாக நடந்தார்.

பார்த்ததை மூன்றாகப் பிரித்தார். அடியில் ஊட்டத்தூர்: களிமண், சுண்ணாம்பு, அம்மோனைட் சுருள்கள். அது கடலில் படிந்து, மேலே வந்து, அரிக்கப்பட்ட பிறகே அதன் மேல் திருச்சிப் படிவு உட்கார்ந்திருக்கிறது. அதில் கிரானைட் கூழாங்கல் எக்கச்சக்கம். அதற்கும் மேலே அரியலூர். சிப்பி மாறுவதை மட்டும் பார்த்து அவர் கோடு போடவில்லை. இரண்டு படிவுக்கும் நடுவே தரையே முறிந்து நிற்கும் இடத்தைத் தேடிப் போட்டார். 1862ல் இதெல்லாம் துறையின் மெமாயர்ஸ் நாலாம் தொகுதியில் வந்தது. அப்போது அவருக்கு 28 வயதுகூட இருக்காது. அந்த மூன்று பெயர்களும் இன்றும் பாடத்தில் இருக்கின்றன. கல்லக்குடி, அரியலூர் சிமெண்ட் ஆலைகள் தோண்டுவதும் இந்தப் படிவுகளின் சுண்ணாம்பைத்தான். (கல்லக்குடி என்றால் நமக்கு 1953 ரயில் மறியல்தான் முதலில் ஞாபகம் வரும். சரி, அது வேறு கதை.)

தப்பே பண்ணவில்லையா? பண்ணினார். புதுச்சேரிப் பக்கத்து வழுதாவூர்ப் படிவை ரொம்பப் பழையது என்று நினைத்தார். அரியலூரை ஒட்டிய காலத்தது என்று 1890களில் காஸ்மட் திருத்தினார். நின்னியூர்ச் சுண்ணாம்பை அரியலூரோடு சேர்த்துவிட்டார். அது தனி, டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்தது. அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பெரிய எல்லை அவர் காலடியிலேயே இருந்தது. அவர் அதன் மேல் கோடு போடவில்லை. ஆனால் எந்த ஊரில் எதன் மேல் எதைப் பார்த்தார் என்று விலாவாரியாக எழுதி வைத்திருந்தாரே, அதனால்தான் பின்னால் வந்தவர்களால் சுலபமாகத் திருத்த முடிந்தது. என் லாக் ஷீட்டில் திருத்துவதற்குக்கூட ஒன்றும் இருக்கவில்லை.

வெயிலில் அலைந்ததில் உடம்பு கெட்டு, 1862லேயே வேலையை விட்டார். சீக்கிரமே தேறி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் புரொபசரானார். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் புரட்டிப்போட்ட புயலை ஆராயும் வேலை அவரிடமும் கர்னல் காஸ்ட்ரெலிடமும் வந்தது. அதிலிருந்து மண்ணை விட்டு வானத்துக்குப் போய்விட்டார். 1875ல் இந்தியா முழுமைக்குமான வானிலைத் துறை ஏற்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே. மறு வருஷமே சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் ஆரம்பித்தது. மழை பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அரசாங்கம் அவரைத்தான் கேட்டது.

அவர் வருஷா வருஷம் பதிவேடுகளை அடுக்கி வைத்துப் பார்த்தார். இமயமலையில் பனி கூடுதலாக விழுந்த வருஷங்களில் பருவமழை குறைவாக இருந்ததைக் கண்டு 1884ல் கட்டுரை எழுதினார். 1886 ஜூன் 4ந் தேதி பருவமழைக்கான முதல் அதிகாரபூர்வ முன்னறிவிப்பு வந்தது. பனிக் கணக்கு பிற்பாடு எல்லா வருஷமும் பலிக்கவில்லை.

1888ல் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். 1893 ஜனவரி 23ல் ஃபோக்ஸ்டனில் காலமானார்.

இந்த ரீயூனியனுக்குப் பிறகு திருச்சி பக்கம் காரில் போகிறவர்கள் பாடாலூரில் திரும்பி ஊட்டத்தூர் ஓடையைப் பார்த்துவிட்டு வாருங்கள். கூடவே சாத்தனூரில் 1940ல் எம்.எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்ன கல்மரம் இருக்கிறது, 18 மீட்டர் நீளம். ஜூனியர்கள் நோட்டும் பென்சிலும் எடுத்துப் போகவும். வெயிலுக்குத் தொப்பியும்.