ஜெ. ஆர். டி. டாட்டா

ஜெகாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா (ஜூலை 29, 1904 - நவம்பர் 29, 1993) இந்தியத் தொழிலதிபரும் விமானியும் ஆவார். இவர் பாரிசில் பிறந்தார். 1929 இல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார்.

வான்பயணப் போட்டி

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண்டு பரிசு அறிவித்தார். 1930 இல் டாட்டா, ஜிப்சி மாத் என்னும் பிரித்தானியச் சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து புறப்பட்டார். எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி எஞ்சினியர், ஸ்பார்க் பிளக் இன்றி எகிப்தில் காத்திருந்தார். டாட்டா தம்மிடமிருந்த உபரி பிளக்கை அவருக்கு அளித்தார். எஞ்சினியரே சில மணி நேர வேறுபாட்டில் பரிசை வென்றார்.

வான் அஞ்சல்

அக்டோபர் 15, 1932 அன்று டாட்டா, புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைச் சென்னைக்குக் கொண்டுசென்றார். இச்சேவையே பின்னர் ஏர் இந்தியாவாக வளர்ந்தது. 1992 இல் டாட்டாவுக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.