வாலேசுவரன்

வ.உ. சிதம்பரனாரைச் செக்கிழுத்த செம்மலாகவே நாம் அறிவோம். அந்தச் செக்கைப் பற்றிப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் முழங்கிப் பரிசும் வாங்கியவன் நான். ஆனால், செக்கைவிட என்னைச் சிந்திக்க வைத்தது, அவர் தம் மகன் ஒருவனுக்கு இட்ட பெயர்.

1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர், வழக்கறிஞர். 1906இல் பங்கு ஒன்றுக்கு ரூ.25 வீதம் 40,000 பங்குகள் எனத் திட்டமிட்டுச் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நம்மவர் கப்பல் ஓடியது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. ஆட்சியாளரோ 1908இல் அவரைச் சிறைப்பிடித்தனர். நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை 40 ஆண்டுகள்! சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதும் அதில் ஒரு குற்றம். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆயினும் கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார்.

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபோது வரவேற்க வந்தவர் சிவாவும் வேறு சிலருமே. கப்பல் கொடுத்த கைக்கு மாலை கொடுக்க ஆளில்லை. கம்பெனி கலைந்து கப்பல்களும் விற்கப்பட்டிருந்தன. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிற்று. சென்னையில் சிறு வியாபாரம் செய்து பிழைத்தார். பகைவர் செய்த கொடுமையைக்கூடப் பொறுக்கலாம். சொந்த நாட்டார் மறந்ததை எப்படிப் பொறுத்தாரோ!

எனக்கு ஒருவர் தீங்கு செய்தால், அவர் ஊரார் எவரைக் கண்டாலும் முகம் சுளிப்பேன். அது என் இயல்பு. சிதம்பரனார் அப்படியில்லை. வெள்ளையர் சிறையில் இருந்தபடியே, ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். செக்கிழுத்த கை எழுதிய மொழிபெயர்ப்பு அது.

ஆட்சியை அவர் மன்னித்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை; அடிமைத்தனத்தை அவர் ஒருநாளும் ஏற்கவில்லை. ஆனால் ஆட்சி வேறு, ஆள் வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பல ஆண்டுகள் கழித்து, இழந்த வழக்கறிஞர் உரிமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்கு உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. பின்ஹேயும் ஆங்கிலேய நீதிபதிதான்! அந்த நன்றியை மறவாமல் சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வாலஸ் என்ற பெயரோடு நம் ஊர் ஈசுவரனையும் சேர்த்துக்கொண்டார். பிறகு கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடி, 1936இல் மறைந்தார்.

அந்தக் குழந்தையைக் கொஞ்சிய ஒவ்வொரு முறையும் ஓர் ஆங்கிலேயரின் பெயரை அவர் நா உச்சரித்திருக்கும். அப்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.