பொதுவழி திறந்த பெருந்தகை

சாலையும் கிணறும் குளமும் சாவடியும் ஊருக்குப் பொதுவாக அமைந்தவை. அவற்றிற்கு வேண்டும் பொருள் மக்கள் செலுத்தும் வரியினின்று வருகின்றது. வேண்டும் உழைப்போ பெரும்பாலும் ஏழை மக்களுடையது. ஆயினும், மண் சுமந்து சாலையிட்டவன் அச்சாலையில் நடத்தல் ஆகாது. கிணறு அகழ்ந்தவன் அதன் நீரை முகத்தல் ஆகாது என்று தடுத்து நின்ற காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. அத்தடையைச் சட்டமன்றத்தின் வாயிலாக நீக்க முற்பட்ட பெரியோருள் ஒருவர் இரட்டைமலை சீனிவாசனார் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

சீனிவாசனார் 1860 ஆம் ஆண்டில், செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் தோன்றினார். அவர் பிறந்த குலம் தீண்டத்தகாதது என்று பிறரால் ஒதுக்கப்பட்டிருந்தது. கோயம்புத்தூரில் அவர் கல்வி பயின்றபோது, உடன் பயின்றோர் பெரும்பாலோரும் உயர்குலத்தாராகவே இருந்தனர். தம் குலமும் உறைவிடமும் தெரிந்தால் அவர்கள் இகழ்வரே என்று அஞ்சி, அவர் எவரோடும் நட்புக் கொள்ளாது விலகியிருந்தார். பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து பாடம் படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் புகுவார். பள்ளி விட்டதும் எவரும் தம்மைத் தொடராவண்ணம் விரைந்து வீடு சேர்வார். விளையாடும் பருவத்துப் பிள்ளைக்கு இதனினும் பெருந்துயர் வேறு யாது? இச்செய்தியை அவரே 1939 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் குறித்துள்ளார். இளமையில் பட்ட அத்துயர் அவர் உள்ளத்தைக் கசப்பாக்கவில்லை. இந்நிலை தமக்குப் பின் வருவோர்க்கு நேர்தல் கூடாது என்னும் உறுதியையே அளித்தது.

இதழும் சபையும்

கல்விக்குப் பின்னர் அவர் நீலகிரியில் ஐரோப்பியர் நடத்திய வணிக நிலையங்களில் கணக்கராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1890 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். தம் மக்களின் குறைகளை அரசுக்கு எடுத்துரைக்கச் சபை ஒன்று நிறுவினார். 1893 ஆம் ஆண்டில் இதழ் ஒன்றும் தொடங்கினார். அவ்விதழுக்கு அவர் இட்ட பெயர் 'பறையன்' என்பது. இகழ்வோர் எப்பெயரைச் சொல்லி இகழ்ந்தனரோ, அப்பெயரையே அவர் நாணமின்றித் தாங்கி நின்றார். தம்மைத் தாமே மறைத்துக்கொள்ளும் இனம் தன் உரிமையைப் பெறமாட்டாது என்பது அவர் துணிபு. பள்ளியில் தம் குலத்தை மறைத்து ஒதுங்கிய சிறுவரே, வளர்ந்தபின் அதனை இதழின் முகப்பில் பொறித்தார் என்பது எண்ணத்தக்கது. திங்கள் இதழாகத் தொடங்கிய அது, பின்னர்க் கிழமை இதழாக வளர்ந்து, 1900 ஆம் ஆண்டு வரை நடைபெற்றது.

அந்நாளில் இந்திய நாட்டின் உயர்பதவிகளுக்குரிய தேர்வு இலண்டன் மாநகரில் மட்டுமே நடந்துவந்தது. அதனை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. ஆங்கில நாட்டு மக்களவையும் 1893 ஆம் ஆண்டில் அதற்கு உடன்பட்டது. இந்தியர் உயர்பதவி எய்தவேண்டும் என்னும் நோக்கம் நன்றேயாயினும், சீனிவாசனார் அதனை எதிர்த்தார். எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பே பெறாத மக்கள் அத்தேர்வில் எவ்வாறு வெல்வர்? கல்வி ஒரு சாரார் கையில் இருக்கும்வரை பதவியும் அவர் கையிலேயே சேரும். ஊரில் நம்மை ஒடுக்குவோரே ஆட்சியிலும் அமர்வர் என்று அவர் அஞ்சினார். ஆகவே, கூட்டம் கூட்டி, 3,412 பேர் கைச்சாத்திட்ட 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் ஒன்றை ஆங்கிலப் பாராளுமன்றத்திற்கு விடுத்தார். அவர் கருத்தை ஏற்பாரும் மறுப்பாரும் அன்றும் இருந்தனர். ஆனால், வாயில் திறந்திருந்தால் மட்டும் போதாது, அதனை அடையும் வழியும் அனைவர்க்கும் வேண்டும் என்னும் அவர் நியாயம் மறுத்தற்கு அரியது.

1900 ஆம் ஆண்டில் அவர் கடல் கடந்து ஆப்பிரிக்கா சென்றார். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து, 1921 ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார்.

சட்டமன்றத்தில்

1923 ஆம் ஆண்டில் அவர் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். அப்பொழுது அவர்க்கு அறுபது வயது கடந்திருந்தது. ஓய்வு கொள்ளும் அப்பருவத்தில்தான் அவர்தம் தலையாய பணி தொடங்கியது.

1924 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூரைச் சார்ந்த வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் அனைவரும் நடக்கும் உரிமைக்காக மக்கள் அறப்போர் தொடங்கினர். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். எவ்வகுப்பினராயினும், எந்த ஊரிலாயினும், பொதுச் சாலையிலும் தெருவிலும் நடத்தற்குத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொதுவிடம் ஆகியவற்றை அணுகுதற்கும் தடையில்லை என்பதே அதன் சாரம். மன்றம் அதனை ஏற்றது. அடுத்த திங்களிலேயே அரசாணையும் பிறந்தது.

இதன் பெருமையைச் சிறிது ஆராய்வோம். தெருவில் நடக்க இயலாதவன் பள்ளிக்குச் செல்வது எங்ஙனம்? அலுவலகத்தின் படி ஏற இயலாதவன் தன் நிலத்திற்குப் பட்டாக் கேட்பது எங்ஙனம்? சந்தைக்குள் புக இயலாதவன் தன் பொருளை நல்ல விலைக்கு விற்பது எங்ஙனம்? வழி மறிக்கப்பட்டால் கல்வி, நீதி, பிழைப்பு ஆகிய அனைத்தும் மறிக்கப்படுகின்றன. வழி திறந்தால் அவை அனைத்தும் திறக்கும் வாய்ப்பு உண்டாகின்றது.

ஆணை பிறந்த அன்றே ஊர்கள் மாறிவிடவில்லை. தாளில் எழுதிய உரிமை தரையில் நடைபெறப் பின்னரும் பலர் உழைக்க வேண்டியிருந்தது. எம். சி. இராசா அவர்களின் முயற்சியால் 1938 ஆம் ஆண்டில் இவ்வுரிமைகளைக் காக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

இலண்டன் வட்டமேசை மாநாடு

1930 ஆம் ஆண்டில் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டிற்கு ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் இருவர் அழைக்கப்பட்டனர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசனார். இருவரும் கூடி ஓர் உரிமைத் திட்டத்தை மாநாட்டில் அளித்தனர். சமக்குடியுரிமை, வேற்றுமை காட்டுதலினின்று பாதுகாப்பு, சட்டமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் போதிய இடம் முதலியவற்றை அது வேண்டியது. உரிமை கேட்கும் ஏழைக்கு வேலையும் பண்டமும் மறுத்து ஊரார் ஒதுக்கி வைப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்பதும் அதில் இடம்பெற்றது. கூலி நின்றால் அடுப்பு அணையும் நிலையில் உள்ளவனுக்கு உரிமை ஏட்டளவில் நின்றுவிடும் என்பதை அவ்விருவரும் நன்கு உணர்ந்திருந்தனர்.

அரசு இவர்க்கு இராவ் பகதூர், திவான் பகதூர் முதலிய பட்டங்களை வழங்கியது. 1945 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18 ஆம் நாள் இவர் இயற்கை எய்தினார். 1950 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. கிணறு, குளம், சாலை முதலியவற்றைச் சாதி காரணமாக எவர்க்கும் மறுத்தல் ஆகாது என்றும் விதித்தது. அதனைக் காண அவர் உயிரோடு இல்லை. ஆயினும், அவர் சென்னையில் எழுப்பிய கோரிக்கை நாடு முழுமைக்கும் உரிய நீதியாயிற்று. சென்னை கிண்டியில் அவர்க்கு மணிமண்டபம் அமைந்துள்ளது.

மாணவர்களே! நீங்கள் நாள்தோறும் தடையின்றி நடக்கும் தெரு, ஒரு காலத்தில் பலர்க்கு அடைபட்டிருந்த தெரு என்பதை மறவாதீர்கள். உடன் பயிலும் தோழன் எவனேனும் ஒதுங்கி நிற்பானாயின், அவனை அருகில் அழைத்து அமர்த்துங்கள். அச்சத்தால் மணி அடிக்கும் வரை வெளியே காத்திருக்கும் மாணவன் எப்பள்ளியிலும் இல்லாத நாளே சீனிவாசனாரின் பணி நிறைவுறும் நாளாகும்.