வீண் நாணம் வென்ற விருதுநகர்ப் பெரியார்

நாணம் இருவகைத்து. தீயன செய்தற்கு அஞ்சும் நாணம் ஒன்று; பிறர் நகைப்பரோ என எண்ணி நல்லன செய்தற்கும் பின்வாங்கும் நாணம் மற்றொன்று. முன்னதனை வள்ளுவர் பெருமான் நாணுடைமை என்னும் அதிகாரம் வகுத்துப் போற்றினார். பின்னதோ மாணவர் உலகைப் பற்றிய ஒரு நோய். ஐயம் எழுந்தும் ஆசிரியரை வினவாது வாளா அமர்ந்திருப்போரும், பேச்சு மன்றத்தில் பெயர் கொடுத்தபின் மறைந்து திரிவோரும், ஆங்கிலத்தில் பிழை நேருமே என்று அஞ்சி நேர்முகத் தேர்வுக்கே செல்லாது விடுவோரும் நம்மிடையே பலராவர். இந்நோய்க்கு மருந்தாகும் வாழ்க்கை வரலாறு ஒன்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அந்நாளில் விருதுப்பட்டி என வழங்கிய விருதுநகரில், 1903-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மைந்தராகக் காமராசர் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் அவரது பள்ளிப்படிப்பு ஆறாம் வக்குப்போடு நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் அமர்ந்து முழம் போடும் வேலையே அவருக்கு வாய்த்தது. ஆயினும், கற்றோர் கூடும் அவையில் நமக்கென்ன வேலை என்று அவர் ஒதுங்கினாரல்லர். 1919-இல் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலை அவர் உள்ளத்தைச் சுட்டது. தேசத் தொண்டில் இறங்கினார். 1930-இல் வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். தம் வாழ்நாளில் எட்டாண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த அவர், அச்சிறையையே தம் கல்லூரியாக்கிக் கொண்டார். பள்ளியில் விட்டதைச் சிறையில் பிடித்தார். நூல்களையும் நாளிதழ்களையும் இடையறாது பயின்றார்.

அவருக்கு வாய்த்த ஆசான், பட்டமும் நாவன்மையும் ஒருங்கே பெற்ற தீரர் சத்தியமூர்த்தி. 1936-இல் ஆசான் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக, மாணாக்கர் செயலாளரானார். 1940-இல் மாணாக்கர் தலைவராக, ஆசானே செயலாளராய்ப் பணிபுரிந்தார். ஆணையிட மாணாக்கர் கூசவுமில்லை. அடங்கிப் பணிசெய்ய ஆசான் நாணவுமில்லை. பணியே பெரிது என்பார்க்கு இருக்கையின் உயரம் கண்ணிற்படுவதில்லை போலும்!

1954-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அப்பொழுது அவர் சட்டமன்ற உறுப்பினரல்லர். மேலவை வழியே புகுதல் எளிதாயிருந்தும், தோல்வி நேரினும் நேருக என்று குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தைத் தம் அமைச்சரவையிற் சேர்த்துக்கொண்டார். தம்மினும் மிகப் படித்தோர் அருகிருப்பின் தாம் சிறுத்துத் தோன்றுவோமே என்னும் எண்ணம் அவரிடம் எட்டிப்பார்க்கவும் இல்லை. ஆங்கிலமே கோலோச்சிய அரசு அலுவலகங்களுக்குத் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் அவர் ஆட்சியிலேயே நிறைவேறியது.

தாம் நாணாதவர், பிறர் நாணத்தை உணராதவர் என்று எண்ணற்க. பசியோடு பள்ளிக்கு வரும் சிறுவன் படும் கூச்சத்தை அவர் அறிவார்; அதனைப் போக்க மதிய உணவு வந்தது. கிழிந்த ஆடையோடு செல்வர் மக்கள் அருகே அமரும் சிறுமியின் கூச்சத்தையும் அறிவார், சீருடை வந்தது. தாம் இழந்த கல்வியை நாட்டின் பிள்ளைகள் இழத்தலாகாது என்பதே அவரது வேட்கை.

அவர் பிறந்த கரிசல் நிலத்தின் இயல்பும் இதுவே போலும். மழை பொய்க்கும் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். தெரியாததைத் தெரியாது என்று ஒப்பித் தொலைநாட்டில் கற்று மீண்டமையால், அத்தொழிலும் அதன்பின் வளர்ந்த பட்டாசுத் தொழிலும் இன்றளவும் அங்கே பல்லாயிரம் அடுப்புகளை எரியச் செய்கின்றன.

1963-இல் முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்த காமராசர், அகில இந்திய காங்கிரசின் தலைவரானார். பிரதமர் பதவி அவரை நோக்கி வந்தபோது, இந்தியும் ஆங்கிலமும் தமக்குப் போதா என்று கூறி விலகினார் என்பர். இதனை அச்சம் எனல் பொருந்தாது. தம் குறையை மறைப்பவனே அஞ்சுபவன். அதனை அளந்தறிந்து வெளிப்படக் கூறுபவன் அஞ்சாதவன்.

நகைப்புக்கு இடமான நாளும் அவருக்கு வந்தது. 1967-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், பிறந்த ஊராகிய விருதுநகரிலேயே, இளம் மாணவர் தலைவர் ஒருவரிடம் 1,285 வாக்குகளால் தோற்றார். நாடே அதைப் பேசிற்று. ஊர்முகத்தில் விழிப்பதெங்ஙனம் என்று அவர் வீட்டினுள் அடைபட்டாரல்லர். 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று நாடாளுமன்றம் புகுந்தார். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் மறையும் வரை பொதுவாழ்வை விட்டாரில்லை.

நண்பர்காள்! நகைப்பவர் நகைப்பு ஒரு பொழுதில் அடங்கும். நழுவவிட்ட வாய்ப்போ நெடுநாள் நெஞ்சை அறுக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவர் அவைக்கு அஞ்சவில்லையெனின், கல்லூரி வரை வந்த நாம் அஞ்சுதல் தகுமோ? அடுத்த வகுப்பில் ஐயம் எழுமாயின் எழுந்து நின்று வினவுவோமாக.