நீரைப் பிரித்து அளந்த ஃபாரடே

இங்கிலாந்தில் 1791 செப்டம்பர் 22 அன்று ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார் மைக்கேல் ஃபாரடே. பதினான்காம் வயதில், அதாவது எங்களைவிட ஒரு வயது இளையவராய், லண்டனில் ஒரு புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த நூல்களையெல்லாம் படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூல் அவர் மனத்தைக் கவர்ந்தது. பெண்களாகிய எங்களுக்கு இதில் தனிப் பெருமை!

1812-இல் சர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அழகாக பைண்டு செய்து அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. சேர்ந்த சில வாரங்களிலேயே ஒரு வெடிவிபத்தில் கையில் காயம் பட்டது. 1824-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியபோது அதை எதிர்த்தவரும் டேவியே. குருவே குறுக்கே நின்றது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

1831-இல் அவர் கண்ட மின்தூண்டலை யாவரும் அறிவர். எங்களுக்குப் பிடித்தது அதற்குப் பின் அவர் நீரைப் பிரித்து அளந்த கதைதான்.

தூய நீரில் மின்சாரம் எளிதில் பாயாது; எதையாவது கரைக்க வேண்டும். எதை? ஃபாரடே கந்தக அமிலத்தை வெவ்வேறு அளவில் கலந்து பார்த்தார். காரங்களையும் மக்னீசியம் சல்பேட்டையும் கரைத்துப் பார்த்தார். மின்தகடுகளைப் பெரிதாகவும் சிறிதாகவும் மாற்றினார். ஒரே மின்னோட்டத்தைச் செலுத்தியபோது எல்லாவற்றிலும் ஒரே அளவு ஹைட்ரஜனே கிடைத்தது! செல்லும் மின்சாரத்தின் அளவே வாயுவின் அளவைத் தீர்மானிக்கிறது. 1 ஆம்பியர் 1 மணி நேரம் பாய்ந்தால் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். மின்பகுளி, மின்வாய் என்று நாம் படிக்கும் சொற்களின் ஆங்கில மூலங்களை 1834-இல் வழங்கியவரும் அவரே.

அப்படியானால் எதைக் கரைத்தாலும் ஒன்றுதானா? இல்லை. கந்தக அமிலமோ எரிசோடாவோ கரைந்த நீரில் நீர் மட்டுமே செலவாகும். சமையல் உப்பைப் போட்டால் நச்சு வாயுவான குளோரின் வரும். மின்சாரம் எளிதில் பாயாத கரைசலானால் ஆற்றல் வெப்பமாக வீணாகும். மின்னோட்டத்தை இரு மடங்காக்கினால் வாயு இரு மடங்கு, கம்பியிலும் கரைசலிலும் எழும் வெப்பமோ நான்கு மடங்கு. இந்த வெப்ப விதியை 1841-இல் வெளியிட்டவர் ஜூல். வெப்பத்தையும் வேலையையும் பற்றிய அவருடைய பெரிய கட்டுரையை 1849-இல் ராயல் சொசைட்டியின் முன் வைத்தவர் நம் ஃபாரடே!

ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திய பின் குழாயில் சேர்ந்திருந்த வாயு தானாகவே குறைந்தது. பிளாட்டினத் தகடுதான் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஓசையின்றி மறுபடி நீராக்குகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு சிறு தீப்பொறி பட்டால் அதே கலவை பயங்கரமாக வெடிக்கும். ஆகவே தோழியரே, இரண்டையும் ஒரே சீசாவில் பிடிக்கும் விளையாட்டு வீட்டில் வேண்டவே வேண்டாம்!

சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் அவர் ஏற்க மறுத்தார். முதுமையில் நினைவாற்றல் குன்றியது. 1858-இல் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் ஒரு வீடு அளித்தார். அங்கே 1867 ஆகஸ்டு 25 அன்று, நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது.