தேவைக்குப் பிறந்த விளையாட்டு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்றொரு சிற்றூர் உண்டு. குளிர்காலத்தில் அங்கே பனிக்கட்டித் தடத்தில் ஸ்னோமொபைல் எனப்படும் பனி ஊர்திகளின் பந்தயம் 1983 முதல் நடைபெற்று வருகிறது. முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்புறம் சுழலும் ரப்பர்ப் பட்டை, இடையில் இருசக்கர வாகனத்தில் இருப்பதைப் போன்ற இருக்கை; இதுதான் அந்த ஊர்தி.

வட அமெரிக்காவில் இதை ஓட்டுவது மட்டுமல்ல, பிரித்துப் பூட்டுவதும் பலருக்குப் பெரும் பொழுதுபோக்கு. வேகத்துக்காக கார்புரேட்டரை மாற்றுகிறார்கள். கிளட்சின் எடையையும் ஸ்பிரிங்கையும் திருத்துகிறார்கள். வழுக்காமல் இருக்கப் பட்டையில் உலோக முனைகளைப் பதிக்கிறார்கள். துருப்பிடித்துக் கிடக்கும் அரை நூற்றாண்டுப் பழைமையான வண்டிகளை வாங்கி, கோடை முழுவதும் செப்பனிட்டு, அதே பழைய மஞ்சள் வண்ணம் பூசி, முதல் பனிக்காகக் காத்திருப்போரும் உண்டு.

பணமும் நேரமும் விழுங்கும் இந்த ஆர்வத்தை வீண் செலவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. பொருளாதாரம் கற்பித்த நாள்களில் தேவை ஒருபுறம், ஆடம்பரம் மறுபுறம் என்று கரும்பலகையில் கோடு கிழித்துக் காட்டியவன் நான். அந்தக் கோடு அவ்வளவு நேரானதல்ல என்பதை எனக்கு உணர்த்தியது, வல்கூரில் பிறந்த ஜோசப் அர்மான் பொம்பார்தியே என்பவரின் வாழ்க்கை. ஆங்கில உச்சரிப்பில் பம்பார்டியர் என்றால் நம்மில் பலருக்குத் தெரியும். தில்லி மெட்ரோவின் பெட்டிகள் பலவற்றில் காணப்பட்ட பெயர் அது.

1907 ஏப்ரல் 16-ஆம் நாள், எட்டுக் குழந்தைகளில் மூத்தவராகப் பிறந்தார் அர்மான். பழைய கடிகாரங்களின் உள்ளுறுப்புகளை எடுத்து, தானே ஓடும் பொம்மை வண்டிகளைச் செய்த சிறுவன் அவர். மகனின் கவனத்தை வேறுபக்கம் திருப்ப எண்ணிய தந்தை, உடைந்துபோன ஃபோர்டு கார் ஒன்றை அவரிடம் கொடுத்தார். 1922-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, அந்தக் காரின் இயந்திரத்தைச் சறுக்கு வண்டியில் பொருத்தி, பின்னால் விமான விசிறி போன்ற ஒன்றைச் சுழலவிட்டு, தம்பி திசை திருப்ப, ஊர்த் தெருவில் ஓட்டிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 15.

மறைப்பில்லாமல் சுழன்ற விசிறியைக் கண்டு அஞ்சிய தந்தை, உடனே அதைப் பிரித்துவிடும்படி கட்டளையிட்டார். மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். ஷெர்ப்ரூக் நகரின் சமயக் கல்விக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட அர்மான், 17-ஆவது வயதில் தந்தையின் மனத்தைக் கரைத்து, மெக்கானிக் வேலை பழகச் சென்றார். 1926-இல் தந்தையின் உதவியுடன் வல்கூரில் சொந்தப் பட்டறை திறந்தார். கோடையில் கார் பழுதுபார்ப்பார். குளிர்காலத்தில் பனியில் ஓடும் வண்டிக்கான சோதனைகளைத் தொடர்வார்.

அன்றைய கியூபெக் கிராமங்களில் பனி விழத் தொடங்கினால் கார்களை மாதக்கணக்கில் கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள். பிறகு குதிரைச் சறுக்கு வண்டிதான் கதி. 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அர்மானின் இரண்டு வயது மகன் இவோன், குடல்வால் அழற்சி முற்றிப் படுத்தான். மருத்துவமனை இருந்ததோ தொலைவிலுள்ள ஷெர்ப்ரூக்கில். சாலையைப் பனி மூடியிருந்தது. பட்டறையிலிருந்த சோதனை வண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோனான்.

அடுத்த ஆண்டே அவருடைய தேடலுக்கு விடை கிடைத்தது. ரப்பர் உறையிட்ட பல்சக்கரம் ஒன்று, ரப்பரும் உலோகமும் சேர்ந்த பட்டையைச் சுழற்றும். வண்டி பனியில் புதையாமல் மிதந்து செல்லும். 1937-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் பி7 வண்டியும், பின்னர் பன்னிரண்டு பேருக்கான பி12 வண்டியும் வந்தன. மருத்துவர்களும் பாதிரியார்களும் அவற்றை வாங்கினர். அவை தபால் சுமந்தன, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றன, ஆம்புலன்சாகவும் ஓடின. 1942-இல் அவரது பட்டறை முறையான நிறுவனமாயிற்று.

இவ்விடத்தில்தான் பொருளாதார மாணவன் நின்று யோசிக்க வேண்டும். 1948-இல் மாகாண அரசு, குளிர்காலத்தில் கிராமச் சாலைகளிலும் பனியை அகற்ற வழிசெய்தது. கார்கள் ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கின. நிறுவனத்தின் விற்பனை ஓராண்டிலேயே ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. அவருடைய தொழிலை வீழ்த்தியது போட்டி நிறுவனம் அன்று. ஒரு நல்ல அரசாணை. அந்த ஆணை 14 ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் இவோன் பிழைத்திருக்கக்கூடும். பி7 பிறக்காமலே போயிருக்கவும் கூடும். பொதுச்சாலை செய்யவேண்டிய வேலையைத் தனிமனிதரின் கண்டுபிடிப்பு சிறிது காலம் செய்தது. எத்தனை சிறந்த கண்டுபிடிப்பும் ஓர் அரசின் கடமைக்கு நிரந்தர மாற்று ஆகாது.

அர்மான் சோர்ந்துவிடவில்லை. சாலைகளை விட்டுச் சாலையில்லா நிலங்களை நோக்கித் திரும்பினார். சதுப்பு நிலத்திலும் காட்டிலும் செல்லும் மஸ்கெக் டிராக்டர் 1953-இல் வந்தது. பின்னர், ஓரிருவர் செல்லும் சிறிய பனி வண்டி என்ற இளமைக் கனவு மீண்டது. எடை குறைந்த இயந்திரங்கள் அப்போது கிடைக்கத் தொடங்கியிருந்தன. மகன் ஜெர்மேன் இணைப்பில்லாத ரப்பர்ப் பட்டையை உருவாக்கித் தந்தார். 1959-இல் ஸ்கி-டூ பிறந்தது. தொடக்க வண்டிகளுள் ஒன்றை அர்மான், வடக்கே பழங்குடியினரிடையே பணியாற்றிய தம் பாதிரியார் நண்பருக்கு எடுத்துச் சென்றார். வேட்டைக்காரர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் பயன்படும் என்பதே அவரது எண்ணம்.

மக்களோ அதை விளையாட்டாக்கிக் கொண்டனர். முதல் பருவத்தில் 225 வண்டிகள் விற்றன. நான்கே ஆண்டுகளில் அது எட்டாயிரத்தைத் தாண்டியது. இந்த வரவேற்பு அவருக்கே சற்றுத் தயக்கத்தைத் தந்தது. தொழில்துறை வண்டிகளின் மீதான கவனம் சிதறிவிடுமோ என்று அஞ்சி, விளம்பரத்தில் அடக்கமாகவே இருந்தார். அந்த அலை உச்சத்தை எட்டுமுன், 1964 பிப்ரவரி 18 அன்று, 56-ஆவது வயதில் புற்றுநோயால் காலமானார். விளையாட்டு ஈட்டித் தந்த செல்வமும், எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் அது சரிந்தபோது கற்ற பாடமும்தான் அந்நிறுவனத்தை மெட்ரோ ரயிலுக்கும் விமானத்துக்கும் இட்டுச் சென்றன.

இந்த விளையாட்டுக்கு இரைச்சலும் புகையும் விபத்தும் விலையாக உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும், பழைய ஸ்கி-டூவைப் பிரித்துப் போட்டு நள்ளிரவுவரை உட்கார்ந்திருக்கும் மனிதரை வீணர் என்று சொல்ல எனக்கு இப்போது நா எழவில்லை. 1922-இல் அந்தச் சிறுவன் செய்ததும் அதையேதான். அதில் எந்தத் தேவையும் இல்லை, எந்தக் கணக்கும் இல்லை. 12 ஆண்டுகள் கழித்துத் தேவை வந்து கதவைத் தட்டியபோது, விளையாட்டில் பழகிய கைகள் ஆயத்தமாக இருந்தன. தம் மகனுக்கு உதவ முடியவில்லை. பிறர் பிள்ளைகளுக்கு உதவின.

கடிகாரத்தைப் பிரித்துப் போடும் பிள்ளையை நாம் அதட்டுகிறோம். மதிப்பெண்ணுக்கு உதவாத ஆர்வத்தைப் பிடுங்கி எறிகிறோம். ஆபத்தான விசிறியை நிறுத்தச் சொன்ன தந்தை செய்தது சரி. மகன் பட்டறைக்குச் செல்ல இறுதியில் இசைந்தாரே, அது அதைவிடச் சரி. அந்த இரண்டாவது மனத்தை நாமும் பெற வேண்டும்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).