பம்மல் சம்பந்த முதலியாரும் சபை நடாத்தும் முறையும்

ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே மாசி மாதத்திற் காமன் கூத்து நிகழ்வதும், பதுளைப் பகுதிப் பாடசாலைகளிலே சரசுவதி பூசையை யொட்டி மாணாக்கர் நாடகம் ஆடுவதும் அன்பர்கள் அறிந்தனவே. ஆடுவாரும் பாடுவாரும் நம்மிடைக் குறைந்தாரல்லர். பொருள் திரட்டி, வரவு செலவு எழுதி, கூடியோர் கலையாது காப்பாரே அரியர். அக்கருமத்தைச் செவ்வனே ஆற்றிய பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

பம்மல் சம்பந்த முதலியார் 1873 ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித்துறையிற் பணியாற்றியவர். இளமையில் தமிழ் நாடகங்களை இகழ்ந்திருந்த இவர், பல்லாரி கிருஷ்ணமாசார்லுவின் தெலுங்கு நாடகங்களைச் சென்னையிற் கண்டு மனம் மாறினார். 1891 ஜூலை முதலாந் தேதி நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தாபித்தார். பின்னர் வழக்கறிஞராகி, 1924 முதல் 1928 வரை நீதிபதியாகவும் அமர்ந்தார். எனினும் சபையை விட்டாரல்லர்.

அக்காலத்துத் தொழின்முறைக் குழுக்கள் அன்றன்று கிடைத்த வசூலையே நம்பி வாழ்ந்தன. ஓரிரவு மழை பெய்யின் நடிகர்க்கு மறுநாள் உணவும் ஐயமே. முதலியாரின் சபையோ அங்கத்தினர் செலுத்திய சந்தாவின்மேல் நின்றது. நடிப்போர் ஊதியம் பெற்றிலர். ஆதலின் வசூல் குறைந்த நாளிலும் சபை சிதறவில்லை. விடியுமட்டும் நீண்ட நாடகங்களைச் சில மணி நேரத்துள் அடக்கி, குறித்த வேளையில் திரையை உயர்த்தும் ஒழுங்கைப் போற்றினார். தாம் இயற்றிய நாடகங்களைப் பிறர் ஆடுமிடத்து அநுமதியும் உரிய கட்டணமும் வேண்டினார். இதனை உலோபமென்று சிலர் எண்ணலாம். நூலாசிரியன் உழைப்பிற்கும் விலையுண்டென நிலைநாட்டிய நீதியென்றே யாம் கொள்கின்றோம்.

1911 இற் சபையார் இலங்கைக்கும் வந்து நாடகமாடினர். இவரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் ஈழத்து நாடகத்தை வளர்த்த வரலாறு யாவரும் அறிந்ததே. தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றிய முதலியார், 1959 இற் பத்மபூஷண் விருது பெற்று, 1964 இற் காலஞ்சென்றார்.

சபை இன்றும் சென்னை அண்ணாசாலையில் உளது. ஆயின் நாடகத்தினும் அங்கத்தினர் கூடும் மன்றமாகவே பெரிதும் அறியப்படுகின்றது. இதனால் நாம் உணர்வது யாது? ஒழுங்கும் கணக்கும் நிலையத்தைக் காக்கும். கலையைக் காப்பதற்கோ அதனைப் பயில்வோர் தலைமுறை தோறும் வேண்டும். கணக்கின்றிக் கலை நில்லாது. பயிற்சியின்றிக் கணக்கு மாத்திரம் நின்றும் பயனில்லை.

ஆசிரிய அன்பர்களே! நும் மாணாக்கர் நாடகத்திற்குத் தோட்டத் தொழிலாளர் ஈயும் ஒவ்வொரு ரூபாவும் கொழுந்து பறித்த கையின் உழைப்பு. விழா முடிந்த மறுநாளே வரவு செலவை எழுதி, அவர் காணும்படி பாடசாலைச் சுவரில் ஒட்டுக. மீதியை அடுத்த ஆண்டிற்கென வைப்பிலிடுக. திரைமறைவிற் செய்யும் அப்பணியும் கலைமகள் வழிபாடேயாம்.